‘மிஸ்ஸிங்’ இரண்டாம் முறை பிறந்த கதை

1994 ஆகஸ்டில் பிரிட்டனில் ‘மிஸ்ஸிங்’ என்றொரு சிங்கிள் வெளிவந்தது. பாடியது ‘எவ்ரிதிங் பட் தி கேர்ள்’ என்ற இருவர் குழு. தரவரிசையில் 69ஆம் இடம் வரை ஏறிவிட்டு மறைந்துபோனது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே பாட்டு, அதே குரலோடும் அதே வரிகளோடும் மறுபடி வந்தது. இம்முறை பிரிட்டனில் 3ஆம் இடம், அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 2ஆம் இடம். அந்தப் பட்டியலில் மட்டும் 55 வாரங்கள் நின்றது. இடையில் மாறியதெல்லாம் பாட்டுக்கு அடியில் ஓடும் தாளமும் பேஸும்தான். மாற்றியவர் நியூயார்க் நகரின் புரூக்ளினைச் சேர்ந்த டாட் டெர்ரி.

பென் வாட்டும் டிரேசி தார்னும் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து சந்தித்துக்கொண்டவர்கள். 1982இல் குழு தொடங்கினார்கள். ஊரில் ஒரு மரச்சாமான் கடை எழுதி வைத்திருந்த விளம்பர வாசகமே குழுவின் பெயரானது. பத்தாண்டுக் காலம் கிட்டாரும் ஜாஸ் சாயலுமாக, வீட்டில் உட்கார்ந்து கேட்கும் பாட்டுகளைத்தான் செய்துவந்தார்கள். 1992இல் பென் வாட் சாகக் கிடந்தார். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் அரிய நோய் அது. சிறுகுடலின் பெரும்பகுதியை அறுத்தெடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த நாட்களை அவரே பிறகு ‘பேஷன்ட்’ என்ற நூலாக எழுதினார். பிழைத்து வந்தபின் இருவரும் செய்த ‘ஆம்ப்ளிஃபைட் ஹார்ட்’ ஆல்பத்தில்தான் ‘மிஸ்ஸிங்’ இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கும் ஒருத்தி, தான் நேசித்த ஒருவர் முன்பு குடியிருந்த தெரு வழியே நடக்கிறாள். அந்த வீட்டில் இப்போது அவர் இல்லை. பாட்டு அவ்வளவுதான். அதைக் கேட்கும்போதெல்லாம் என்னால் அந்த மருத்துவமனை நாட்களை ஒதுக்கி வைக்க முடிவதில்லை.

இந்தப் பாட்டு டாட் டெர்ரியின் கைக்குப் போனது விசித்திரமான பொருத்தம். டெர்ரி ஹவுஸ் இசைக்காரர். கிளப்புகளில் ஆடுவதற்கான அந்த இசை சிகாகோவில் உருவானது. 1977 முதல் ‘வேர்ஹவுஸ்’ கிளப்பில் இசைத்தட்டுச் சுழற்றிய ஃபிராங்கி நக்கிள்ஸையும், அங்கே இரவெல்லாம் ஆடிய கறுப்பின, தற்பால் ஈர்ப்பு இளைஞர்களையும் விட்டுவிட்டு அதன் வரலாற்றைச் சொல்ல முடியாது. அதன் உள்ளே ஒரு சோகமான கிளையும் உண்டு. 1986இல் லாரி ஹெர்ட் ‘கேன் யூ ஃபீல் இட்’ மூலம் காட்டிய வழி அது. மைனர் ஸ்வரச் சேர்க்கைகள், நிறைய இடைவெளி, ஆடும்போதே தொண்டையை அடைக்கிற ஏக்கம். டீப் ஹவுஸ் என்று பின்னர் பெயர் பெற்றது இதுதான். டெர்ரியோ அந்தக் கிளையில் வளர்ந்தவரல்ல. ஹிப்-ஹாப் வழியாக வந்தவர். பழைய பாட்டுகளின் துண்டுகளை வெட்டியெடுத்து முரட்டு டிரம்மின்மேல் வீசிப் பெயர் வாங்கியவர். 1988இல் ராயல் ஹவுஸ் என்ற பெயரில் அவர் செய்த ‘கேன் யூ பார்ட்டி’ அப்படிப்பட்டது.

அந்தக் காலத்து ரீமிக்ஸ் பெரும்பாலும் பாட்டை அழிக்கும் வேலையாகவே இருந்தது. குரலில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஒரு வரியைச் சுற்றிப் புதிதாக ஒன்றைக் கட்டுவார்கள். வெட்டுவதில் கைதேர்ந்த டெர்ரி இங்கே வெட்டவில்லை. சரணம், பல்லவி எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டார். அடியில் நான்கு அடிக்கு நான்கு கிக் டிரம், இடையிடையே ஹை-ஹாட், உருண்டு வரும் பேஸ். என் கணிப்பில் அவருடைய பெருமையே இந்த அடக்கம்தான். எந்தப் பாட்டை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்பது அவருடைய காதுக்குத் தெரிந்திருக்கிறது.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹவுஸ் இசையின் பெரும் பாடகிகள் தேவாலயத்தில் பாடிப் பழகியவர்கள். மார்த்தா வாஷ், ஜோசலின் பிரவுன் இருவரும் நெஞ்சைத் திறந்து கூரை அதிரப் பாடுவார்கள். டெர்ரியே 1996இல் இவ்விருவரையும் சேர்த்துப் பாட வைத்தார். டிரேசி தார்ன் அந்த வகையே அல்ல. தாழ்ந்த சுருதியில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பாடுகிறவர். அந்தக் குரலுக்கு அடியில் இவ்வளவு கனமான டிரம் ஓடும்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது. அவர் குரலை உயர்த்துவதில்லை. தாளமும் விட்டுக்கொடுப்பதில்லை. மூலப் பாட்டில் அந்தப் பெண் தெருவில் நடக்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். ரீமிக்ஸில் அந்த நடை நம் கால்களுக்கு வந்துவிடுகிறது, நிற்க விடுவதில்லை. எனக்கு மூலமும் பிடிக்கும், ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் தயங்காமல் ரீமிக்ஸை எடுத்துக்கொள்வேன்.

கிளப்புகளில் பரவி, வானொலிக்கு ஏறி, பாட்டு உலகைச் சுற்றியது. இதற்கிடையில் பிரிட்டனில் ‘பிளாங்கோ இ நெக்ரோ’ நிறுவனம் குழுவைக் கைவிட்டிருந்தது. வெற்றி வந்தபோது அவர்கள் அங்கே இல்லை. 1996இல் வர்ஜின் நிறுவனத்தில் ‘வாக்கிங் வூண்டட்’ வந்தது, கிட்டார்க் குழு டிரம் அண்ட் பேஸ் என்ற எலெக்ட்ரானிக் நடன இசைக்கு மாறியிருந்தது. ரீமிக்ஸ்தான் அவர்களை மாற்றியது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. 1994இலேயே மாஸிவ் அட்டாக் குழுவின் ‘புரொடெக்‌ஷன்’ பாட்டை டிரேசி பாடிவிட்டார். அவர்கள் காது முன்பே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

பென் வாட் போன தூரம் இன்னும் அதிகம். 1998இல் ஜே ஹன்னனுடன் சேர்ந்து லண்டனின் நாட்டிங் ஹில்லில் ‘லேஸி டாக்’ என்ற கிளப் இரவைத் தொடங்கி, டீப் ஹவுஸ் சுழற்றும் டிஜே ஆனார். 2003இல் ‘பஸின் ஃப்ளை’ என்ற சொந்த நிறுவனத்தையும் தொடங்கி, அதில் டீப் ஹவுஸ் வெளியிட்டார். தன் பாட்டை இன்னொருவர் மாற்றியமைத்த பாதையில் அதை எழுதியவரே போய்க் குடியேறியது இசை வரலாற்றில் அபூர்வம்.

மென்மையான கிட்டார்ப் பாட்டுக்கு ஹவுஸ் தாளம் போடுவது 2010களில் ஒரு அலையாகவே எழுந்தது. அசாஃப் அவிதான் 2008இல் பாடிய பாட்டொன்று, 2012இல் பெர்லின் டிஜே வான்கல்முட்டின் ரீமிக்ஸாக ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. மிஸ்டர் பிராப்ஸின் ‘வேவ்ஸ்’ ராபின் ஷுல்ஸின் கையில் 2014இல் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. இரண்டும் நல்ல ரீமிக்ஸ்களே. ஆனால் அவற்றில் பாட்டைப் போலவே தாளமும் மென்மையாக ஓடுகிறது, ஒன்றை ஒன்று எதிர்ப்பதில்லை. டெர்ரியின் டிரம் இன்றும் கொஞ்சம் வலிக்கவே அடிக்கிறது.

2023இல், 24 ஆண்டு இடைவெளிக்குப் பின், பென்னும் டிரேசியும் ‘ஃபியூஸ்’ ஆல்பத்தோடு திரும்பி வந்தார்கள். முதலில் வெளியிட்ட ‘நத்திங் லெஃப்ட் டு லூஸ்’ பாட்டில் எலெக்ட்ரானிக் தாளம், அதன்மேல் வயதால் இன்னும் கனத்துப்போன டிரேசியின் குரல்.