கோப்பு யாருடையது? – மேகத்துக்குப் போன கணினியின் கதை

மங்கலம், சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிக்காரர்களில் பெரும்பாலானோர் கூலிக்கு நெய்பவர்கள். தறி அவர்களுடையது. பாவும் ஊடை நூலும் கொடுத்தவருடையது. நெய்து முடித்த துணியும் அவருக்கே போய்விடும். யாருக்கு எது சொந்தம் என்பதில் அங்கே குழப்பமே கிடையாது.

கணினி உலகில் இந்தக் கணக்கு கடந்த சில ஆண்டுகளாகத் தலைகீழாகி வருகிறது. துணி நம்முடையது, தறி வாடகைக்கு. இப்போது துணியை வைக்கும் குடோனும் வாடகைக்கு!

தொலைபேசி போல கணினி

இந்த எண்ணம் புதிதல்ல. தொலைபேசி போலக் கணினியையும் ஒரு பொதுச் சேவையாக விற்கலாம் என்று ஜான் மெக்கார்த்தி 1961லேயே சொன்னார். அன்று ஒரே பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுக் கொண்டார்கள். 1981ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபின் நிலைமை மாறியது. கணினி மேஜைக்கு வந்தது. கோப்பு பிளாப்பியிலும், பிறகு சொந்த வன்தட்டிலும் இருந்தது.

2006ல் அமேசான் தன் சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. 2007ல் மைக்ரோசாப்டின் ஸ்கைடிரைவ், 2012ல் கூகுள் டிரைவ் வந்தன. அப்போது இவை வேண்டுமானால் வைத்துக் கொள்ளும் வசதிகள், அவ்வளவுதான்.

அடோபி போட்ட முதல் பூட்டு

2013 மே மாதம் அடோபி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒருமுறை பணம் கட்டி வாங்கும் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் தொகுப்புக்கு 2012ல் வந்த சி.எஸ்.6தான் கடைசி. இனி 'கிரியேட்டிவ் கிளவுட்' சந்தா மட்டுமே! எதிர்ப்பு மனுவில் 30,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டும் அடோபி பின்வாங்கவில்லை.

மென்பொருள் என்னவோ நம் கணினியில்தான் ஓடும். ஆனால் உரிமம் செல்லுமா என்று அவ்வப்போது இணையம் வழியே சரிபார்க்கும். சந்தா நின்றால் மென்பொருளும் நின்றுவிடும். கோப்பு கையில் இருந்தும் திறக்க வழியில்லை. அந்த நாட்களில் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்கள் கடும் மின்வெட்டில் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தறியே நின்று கிடந்த ஊர்களில் இணையத்தை நம்பும் தொழில் எப்படி இருந்திருக்கும்?

இலவசம் சுருங்கிய விதம்

ஸ்கைடிரைவ் 2014ல் ஒன்டிரைவ் ஆனது. இலவச இடத்தை 15 ஜி.பி.யிலிருந்து 5 ஜி.பி.யாகக் குறைப்பதாக 2015 நவம்பரில் மைக்ரோசாப்ட் அறிவித்தது. கூகுள் போட்டோஸும் 2015ல் அளவில்லாத இலவசம் என்று தொடங்கி, 2021 ஜூன் 1 முதல் அதை நிறுத்திக் கொண்டது.

அடுத்து விண்டோஸ் 11. 2024ல் புதிய கணினியை அமைக்கும்போதே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போல்டர்கள் பயனரைக் கேட்காமலே ஒன்டிரைவில் சேரும் வழக்கம் பரவலாகக் கண்டிக்கப்பட்டது. 2025ல் வேர்டில் புதிய ஆவணங்கள் தாமாகவே மேகத்தில் சேமிக்கப்படும் என்ற மாற்றமும் வந்தது. விரும்பாதவர்தான் தேடிப் போய் அணைக்க வேண்டும்.

பனியன் கம்பெனிக்குப் பிரிண்டிங் டிசைன் செய்பவருக்கு 5 ஜி.பி. எந்த மூலைக்கு? சில நாட்களில் நிறைந்துவிடும். பிறகு "இடம் போதவில்லை, பணம் கட்டுங்கள்" என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். இடத்தைக் காலி செய்ய ஒன்டிரைவில் அழித்தால், கணினியிலும் அழிந்து போகும்!

நயாரா கற்றுத் தந்த பாடம்

இது வெறும் எரிச்சல் மட்டும்தானா? இல்லை. ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் பங்கு வைத்துள்ள நயாரா எனர்ஜி, குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்துகிறது. 2025 ஜூலை 18ல் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாப்ட் சேவைகள் நின்றன. பணம் கட்டிய உரிமம் இருந்தும் சொந்தத் தரவையே எடுக்க முடியவில்லை என்று கூறி நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மின்னஞ்சலுக்கு ரீடிப் சேவையை நாட வேண்டியிருந்தது. ஜூலை 30ல் சேவை திரும்பியது. ஆனால் இந்தியச் சட்டம் விதிக்காத தடை, இந்தியாவில் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தை முடக்க முடிந்தது என்பதே இதன் பாடம்.

மறுபக்கம்

மேகம் முழுக்கத் தீமை என்றும் சொல்ல முடியாது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். வன்தட்டு பழுதாகும், வெள்ளமும் வரும். வெளியூரில் ஒரு பிரதி நல்லதே. சிக்கல் மேகத்தில் இல்லை, கேட்காமல் எடுத்துப் போவதில்தான்.

வழியும் உண்டு. கோப்புகளைத் தனி ஹார்ட்டிஸ்கிலும் ஒரு பிரதி வைக்கலாம். லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைப் பழகலாம். தமிழக அரசின் எல்காட் நிறுவனமே 2007ல் லினக்ஸ் பக்கம் திரும்பிக் காட்டியது.

வாடகைக்கு இருப்பது தவறல்ல. ஆனால் வாடகை என்று முதலிலேயே சொல்ல வேண்டும், பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற வாசலும் திறந்திருக்க வேண்டும். கூலித் தறியில் கூட அவ்வளவு நியாயம் இருக்கிறது.