கோலார் தங்கவயலின் கழிவு மேடுகள்: மூடப்பட்ட சுரங்கம் ஒன்றின் சூழல் வரலாறு

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலைப் பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் முதலீட்டின் வரலாறாகவோ சுரங்கப் பொறியியலின் வரலாறாகவோ தொழிலாளர் இயக்கத்தின் வரலாறாகவோ அமைந்துள்ளன. 1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் ஆராயப்பட்டுள்ளது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைவிட்ட தமிழ்ப் பௌத்த இயக்கமும் அறிஞர் கவனத்தைப் பெற்றுள்ளது. தங்கம் பிரித்தெடுக்கப்பட்ட பின்னர் எஞ்சிய மண்ணுக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. நகரின் எப்பகுதியில் நின்று நோக்கினும் கண்ணில் படுபவை அம்மண்ணால் ஆன மேடுகளே என்பதை நினைக்க இப்புறக்கணிப்பு வியப்பளிக்கிறது.

இப்பகுதியில் பொன் எடுக்கும் தொழில் ஆங்கிலேயரால் தோன்றியதன்று. 1802இல் மைசூர் நாட்டின் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அலுவலர், ஊரிகத்தைச் சுற்றிய மண்ணில் பொன் கிடைப்பதைக் கேள்வியுற்று, அதனைக் காட்டுவோர்க்குப் பரிசு அளிப்பதாக அறிவித்தார். சிற்றூர் மக்கள் வண்டிகளில் மண்ணை ஏற்றிவந்து அவர் கண்ணெதிரே கழுவிப் பொன்துகளைக் காட்டினர். மாரிக்குப்பத்தருகே குழி தோண்டிக் கல்லுடைத்துப் பொன் எடுப்போரையும் அவர் கண்டார். நீரும் மரப்பாத்திரமும் மட்டுமே கருவிகளாக இருந்த அத்தொழிலில் கழிவு என்பது கழுவப்பட்ட மண்தான். அதில் புறப்பொருள் எதுவும் கலக்கவில்லை.

1875இல் மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் சுரங்க உரிமை பெற்றதும், 1880இல் லண்டன் நகர ஜான் டெய்லர் நிறுவனம் மேலாண்மையை ஏற்றதும் இந்நிலையை அடியோடு மாற்றின. பாறை இயந்திர உலக்கைகளால் இடித்துப் பொடியாக்கப்பட்டது. அப்பொடி பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிடப்பட்டது. பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். எனினும் பொன்னின் ஒரு பகுதியும் பாதரசத்தின் ஒரு பகுதியும் கழிவோடு போய்விடுவதுண்டு. 1887இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மெக்கார்தர் என்பவரும் ஃபாரஸ்ட் உடன்பிறப்பினரும் காப்புரிமை பெற்ற சயனைடு முறை, இவ்விழப்புக்குத் தீர்வாக உலகெங்கும் பரவியது, கோலாருக்கும் வந்தது. நீர்த்த சயனைடுக் கரைசலில் பொன் கரைந்துவிடும். துத்தநாகத்தைக் கொண்டு அதனை மீட்பர். எஞ்சும் மணலும் சேறும் வெளியே கொட்டப்பட்டன. மக்கள் வழக்கில் அம்மேடுகளுக்குச் சயனைடு மேடு, சயனைடு மலை என்னும் பெயர்கள் நிலைத்தன.

மேடுகளின் பருமன் பொன்னின் தரத்தோடு தொடர்புடையது. தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் பொன் கிடைத்தது. 1990களில் அது 3 கிராமுக்கும் கீழிறங்கியது. பொன் குறையக் குறையக் கழிவு பெருகும் என்பது வெளிப்படை. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் எடுக்கப்பட்டது. இன்று 13 மேடுகளில் கிடக்கும் கழிவு சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. நிலத்தின்மேல் நிற்பதை மட்டும் கணக்கில் கொண்டாலும், 8 கிராம் எடையுள்ள ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 330 கிலோ கழிவு தங்கியுள்ளது எனலாம்.

‘சயனைடு மேடு’ என்னும் பெயர் ஓரளவு தவறான அச்சத்தைத் தருவது. கரைசலில் தனித்து நிற்கும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் சிதைந்து போகக்கூடியது. பல பத்தாண்டுகளாக வெட்டவெளியில் கிடக்கும் மணலில் அதன் பெரும்பகுதி நிலைத்திருக்க வாய்ப்பில்லை. இரும்போடு பிணைந்த சேர்மங்களே நெடுநாள் தங்குவன. மேற்குப் படிவுகளின் தாதுவில் ஆர்செனிக் கலந்த கந்தகக் கனிமங்கள் உண்டு. அவை சிதைவதில்லை, வடிவம் மாறுமேயன்றி மறைவதில்லை. இவை அனைத்தினும் அன்றாட வாழ்வைத் தொடுவது தூசி. நுண்ணிய குவார்ட்சுப் பொடியாலான மேட்டில் வேர்பிடிக்க மக்கும் இல்லை, உரச்சத்தும் இல்லை. ஆகவே காற்று வீசும் மாதங்களில் மணல் பறந்து குடியிருப்புகளின்மேல் படிகிறது. மக்களின் அச்சம் பெயரில் உள்ள நஞ்சைச் சுற்றியே நிற்க, பெயரில் இடம்பெறாத தூசி நுரையீரலைச் சென்றடைகிறது.

குவார்ட்சுத் தூசி விளைக்கும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவு பெற்றதும் இவ்வூரில்தான். 1947இல் வெளியான அவ்வாய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் ஐந்தில் இரு பங்குக்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தமை தெரியவந்தது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்று மூன்று நான்கு தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களே அத்தொழிலாளருள் மிகுதி. அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே பெரும்பான்மையர். அவ்வாய்வு நிலத்தடியில் வேலை செய்தோரைப் பற்றியது. நிலத்தின்மேல் மேடுகளின் அடிவாரத்தில் வாழும் பெண்களும் சிறுவரும் அதன் எல்லைக்குள் வரவில்லை.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் நடுவணரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் உற்பத்தி நிறுத்தப்பட்டது. சுரங்கத்தை முறையாக மூடுவதற்கான திட்டம் வகுக்கப்படவேண்டும் என்னும் கட்டாயம், கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளில் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகவே இடம்பெற்றது. முதல் வகைச் சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் பிணைத்தொகையும் அதில் விதிக்கப்பட்டது. இந்நாட்டின் மிகப் பழைய பெருஞ்சுரங்கங்களுள் ஒன்று, அவ்விதி பிறப்பதற்கு இரண்டாண்டுகள் முன்னரே ஓய்ந்துவிட்டது. மூடலுக்கு முன் மேடுகளை என் செய்வது, நீரை எவர் அளப்பது, எத்தனை ஆண்டுகள் அளப்பது என்னும் வினாக்களுக்கு விடை தரவேண்டிய கடமை சட்டப்படி அன்று எவர்க்கும் எழவில்லை.

நிலத்தடியில் நிகழ்ந்தது வேறு கதை. நீரிறைக்கும் எந்திரங்கள் நின்றவுடன், 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய குடைவுகளில் நீர் ஏறத் தொடங்கியது. பாறை வெடிப்புகள் சுரங்கம் இயங்கிய காலத்தில் பல உயிர்களைக் கொண்டவை. அவற்றை ஆராயவென 1988இல் தேசியப் பாறையியக்கவியல் நிறுவனம் அங்கு அமைக்கப்பெற்றது. நீர் நிறைந்த பின்னரும் நில அதிர்வுகள் தொடர்ந்தமையை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். கோலாரில் நெடுங்காலக் கண்காணிப்பு என்று சொல்லத்தக்கது பாறைக்குத்தான் முதலில் வாய்த்தது. எந்திரங்களையும் குடைவுகளையும் காக்கும் தேவை அளவிடும் மரபை உருவாக்கியது. காற்றையும் கிணற்றுநீரையும் காக்க அத்தகைய மரபு உருவாகவில்லை.

ஒப்பீட்டுக்குக் கனடாவின் யெல்லோநைஃப் நகரை ஒட்டிய ஜயண்ட் சுரங்கத்தைக் கொள்ளலாம். 1948 முதல் பொன் எடுத்த அச்சுரங்கம், தாதுவை வறுத்ததால் உண்டான 2,37,000 டன் ஆர்செனிக் மூவாக்சைடை நிலத்தடி அறைகளில் விட்டுச் சென்றது. அதனை அகற்ற இயலாதென முடிவு செய்து, சுற்றியுள்ள பாறையை உறையவைத்து நீர் புகாமல் தடுக்கும் முறையைத் தேர்ந்தனர். 2015இல் அரசினின்று தனித்தியங்கும் மேற்பார்வைக் குழு அமைக்கப்பட்டது. முழு அளவிலான சீரமைப்பு 2021இல் தொடங்கியது. கோலாரில் அத்துணைக் கொடிய தனிநஞ்சு இல்லை. எனவே அதே தீர்வு இங்குப் பொருந்தாது. அங்குத் தீர்வை ஏற்கும் பொறுப்பாளர் யார் என்பது எழுத்தில் உள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது.

2024 ஜூன் மாதம் சுமார் 1,003 ஏக்கர் நிலத்திலுள்ள 13 மேடுகளையும் ஏலத்திற்கு விட்டு எஞ்சிய பொன்னை எடுக்கும் நடுவணரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. இது வேலைவாய்ப்பைத் தரலாம்; மேடுகளே மறைந்துபோகவும் கூடும். ஆயினும் ஒரு டன்னில் கிராமுக்கும் குறைந்த பொன்னை எடுத்தபின் அந்த டன் முழுவதும் மீண்டும் எங்கேனும் கொட்டப்படவேண்டும். இம்முறை புதிய சயனைடோடு. நூறாண்டுகளாக இறுகிக் கிடக்கும் மண்ணைக் கிளறும்போது தூசி முன்னிலும் மிகும். பாலாற்றின் தலைப்பகுதிக்கு அண்மையில் உள்ள இவ்வூரின் கிணறுகளில் ஆர்செனிக், சயனைடு ஆகியவற்றின் அளவும், ஒவ்வொரு குடியிருப்பின் காற்றில் தூசியின் அளவும், குடைவுகளில் நீர் நிற்கும் மட்டமும் முதல் மேடு வெட்டப்படுவதற்கு முன்னரே பதிவாகவேண்டும். அவ்வளவு இல்லாவிடில், பின்னர் எழும் நோயோ நீர்க்கேடோ பழைய சுரங்கத்தால் வந்ததா புதிய குத்தகையால் வந்ததா என்று எந்த நீதிமன்றமும் பிரித்தறிய இயலாது.