மங்கம்மாளின் இடக்கை

'பெண்புத்தி பின்புத்தி' என்று ஒரு பழமொழி. ஆண்கள் மட்டும்தான் இதைச் சொல்கிறார்கள் என்று எழுத ஆசைதான்; ஆனால் உண்மை அப்படியல்ல. தாய்மாரே தங்கள் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெண் என்றால் ஆசைக்கும் அச்சத்துக்கும் ஆட்பட்டவள், ஆண் என்றால் ஆலோசித்து நடப்பவன் என்பது நம் வீட்டுத் திண்ணைகளில் எல்லாம் தீர்ந்துபோன சங்கதி. திருச்சிராப்பள்ளித் தென்னூரில் உழவர் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே சமயத்தில் நாலு பேருக்குக் காய் நிறுத்து, நாலு கணக்கையும் மனத்திலேயே கூட்டிச் சில்லறையைச் சரியாகத் திருப்பிக் கொடுக்கும் பெண்கள் உண்டு. அவர்களில் ஒருத்தியை மெச்ச வேண்டுமானால் நாம் என்ன சொல்கிறோம்? "ஆம்பிளை மாதிரி கெட்டிக்காரி" என்கிறோம்! கணக்குப் போட்டவள் அவள். பெருமை மட்டும் ஆண்களுக்குப் போய்ச் சேருகிறது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. தென்னூரில் நின்று அண்ணாந்தால் மலைக்கோட்டை தெரிகிறது. அந்த மலையின் அடியில் இருந்துகொண்டு, 1689 முதல் 1706 வரை, மதுரை நாயக்கர் ராஜ்யத்தை ஒரு பெண்மணி ஆண்டார். அவர்தான் ராணி மங்கம்மாள். ராஜாவை 'ஆண்டார்' என்றும் ராணியை 'ஆண்டாள்' என்றும் எழுதுவது நம் சரித்திரப் புத்தகங்களின் வழக்கம். இந்தக் கட்டுரையில் இருவருக்கும் ஒரே மரியாதைதான்.

மங்கம்மாளைப் பற்றிச் சரித்திரம் படிக்காதவர்களுக்கும் ஒரு கதை தெரியும். ஒரு நாள் அவர் மறதியாக இடக்கையால் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அது பாவம் என்று பண்டிதர்கள் சொன்னார்கள். பரிகாரமாக அவர் நாடெங்கும் சாலைகள் போட்டு, மரங்கள் நட்டு, சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் வைத்தார். தெற்கே கன்னியாகுமரி வரையில் 'மங்கம்மாள் சாலை' என்று பேர் சொல்லப்படுவதற்கு இதுதான் காரணமாம்!

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாலை போட்டால் படை விரைவில் போகும், வண்டி ஓடும், சுங்கம் வரும், யாத்திரிகர் வருவார்கள். ராஜ்யத்தை ஆள்பவருக்குச் சாலை போட இத்தனை காரணங்கள் இருக்கும்போது, ராணிக்கு மட்டும் ஒரு வெற்றிலை வேண்டியிருக்கிறது.

"திருமலை நாயக்கருக்கும் இப்படி ஒரு கதை உண்டே?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் மண்டைச்சளியால் வருந்தினார் என்றும், மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கனவில் தோன்றி, மதுரைக்கு வந்து திருப்பணி செய்தால் நோய் தீரும் என்றார்கள் என்றும், அதனால்தான் அவர் திருச்சிராப்பள்ளியை விட்டு மதுரைக்குத் தலைநகரை மாற்றினார் என்றும் சொல்வதுண்டு. ஆனால் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராஜாவிடம் தெய்வமே வந்து பேசுகிறது; அவர் செய்தது திருப்பணி. ராணியிடம் பண்டிதர் வந்து குற்றம் சொல்கிறார். அவர் செய்தது பரிகாரம்.

இன்னும் ஒன்று. கதை இடக்கையைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் மங்கம்மாள் 1682-லேயே கணவரை இழந்தவர். கைம்பெண்ணுக்கு வெற்றிலையே விலக்கு என்பது நம் பாட்டிமார் பல குடும்பங்களில் அநுசரித்த விதி. கதை கட்டியவர்களின் மனத்தை உறுத்தியது இடக்கையா, வெற்றிலையா? எனக்கென்னவோ வெற்றிலைதான் என்று தோன்றுகிறது. கணவன் போன பிறகும் உயிரோடிருந்து, சபை நடுவே வீற்றிருந்து, வாய் சிவக்க உத்தரவு போட்ட பெண்ணை எப்படி மன்னிப்பது? ஏதாவது ஒரு பரிகாரம் செய்ய வைத்துத்தான் மன்னிக்க வேண்டும்!

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1710-ல் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் நாற்பத்தேழு பேர் சிதையேறினார்கள் என்று ஏசு சபைப் பாதிரியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689-ல் அம்மை கண்டு இறந்தபோது, அவருடைய மனைவி முத்தம்மாள் கர்ப்பிணி. உடன்கட்டை ஏறத் துடித்தவரைத் தடுத்து வைத்தார்கள். பிள்ளை பிறந்த சில நாட்களில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது வரலாறு. அந்தப் பிள்ளைக்காகத்தான் பாட்டி மங்கம்மாள் ராஜ்யபாரத்தைத் தாங்கினார்.

இனி, ஆசைக்கும் ஆலோசனைக்கும் வருவோம். மங்கம்மாளின் கணவர் சொக்கநாத நாயக்கர் தஞ்சாவூர் விஜயராகவ நாயக்கரின் பெண்ணைக் கேட்டார். அவர் கொடுக்க மறுத்தார். உடனே யுத்தம்! 1673-ல் தஞ்சைக் கோட்டை விழும் தறுவாயில், விஜயராகவர் தம் அந்தப்புரத்துப் பெண்களை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சொல்லிவிட்டுப் போர்க்களத்தில் மாண்டார். ஒரு கல்யாணம் தவறிய கோபம். ஒரு குலத்தின் மானம். இரண்டுக்கும் நடுவே வெந்து மடிந்தவர்கள் பெண்கள். சொக்கநாதருக்குத் தஞ்சாவூராவது நிலைத்ததா? இரண்டு மூன்று வருஷங்களில் அது மராட்டிய ஏகோஜியின் கைக்குப் போய்விட்டது. அவரே சில காலம் ருஸ்தம்கானிடம் சிறைப்பட்டவர்போல் இருக்க நேர்ந்தது. இதையெல்லாம் 'அரசியல்' என்று நாம் படிக்கிறோம். 'ஆண்புத்தி' என்று யாரும் பழமொழி கட்டவில்லை.

மங்கம்மாள் செய்ததைப் பார்ப்போம். செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை முற்றுகையிட்டிருந்த காலம் அது. அந்தச் சேனைக்கு முன் தம் பலம் எவ்வளவு என்று அவர் எண்ணிப் பார்த்தார். சேனாபதி ஸுல்பிகார்கானுக்குத் திறையும் வெகுமதியும் அனுப்பிவைத்து, ராஜ்யத்தைக் காப்பாற்றிக்கொண்டார். வீரம் இல்லை என்றுதான் சிலர் சொல்வார்கள். ஆனால் ஊர் எரியவில்லை. போர் செய்ய வேண்டிய இடத்தில் தளவாய் நரசப்பய்யாவை அனுப்பினார். 1697-ல் திருவிதாங்கூரில் வெற்றி கிடைத்தது. 1702-ல் ராமநாதபுரத்தில் தோல்வி. தளவாயே களத்தில் மாண்டார். ஆகவே அவர் தவறாத ராணி என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குப் பார்த்து ஆண்டவர், சில சமயம் கணக்குத் தப்பியவர்; எந்த நல்ல ராஜாவையும்போல.

1701-ல் திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவுக்குச் சில கிராமங்கள் மானியமாக விடப்பட்டன. சாசனம் பேரன் விஜயரங்க சொக்கநாதரின் பெயரில் இருக்கிறது. அப்போது பேரனுக்கு வயது பன்னிரண்டு! ஆண்டவர் பாட்டி, சாசனத்தில் பொறித்த பெயர் பிள்ளையுடையது. வேடிக்கை என்னவென்றால், சொக்கநாதர் கட்டிய திருச்சிராப்பள்ளிக் கொலு மண்டபத்தை மட்டும் ஜனங்கள் 'ராணி மங்கம்மாள் மகால்' என்று அழைத்து வருகிறார்கள். சாசனம் மறந்ததை ஊர்வாய் ஒரு விதத்தில் ஈடு செய்துவிட்டது போலும்.

மங்கம்மாளின் முடிவைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அமைச்சர் அச்சையா மேல் அவருக்குக் காதல். அதனால் பேரனுக்கு ஆட்சியைக் கொடுக்க மறுத்தார். அவரைச் சிறையிலிட்டு, கண்ணுக்கு எதிரே உணவை வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று கதை போகிறது. 1706-ல் பேரனுக்குப் பதினேழு வயது. பதினேழு வருஷம் ஆண்ட கை செங்கோலை விடத் தயங்கியிருக்கலாம். அது தவறாகவும் இருக்கலாம். ஆனால் அதிகாரத்தை விட மனமில்லாத தளவாய்களையும் தம்பிகளையும் நாயக்கர் சரித்திரம் நெடுகக் காண்கிறோம். அவர்களுக்கு 'அதிகார ஆசை' என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. மங்கம்மாளுக்கு மட்டும் ஒரு காதலன் தேவைப்பட்டான்.

இது தற்செயல் என்று நினைப்பவர்கள் ராணி மீனாட்சியின் கதையைக் கேட்க வேண்டும். விஜயரங்கர் 1732-ல் வாரிசின்றி இறந்தபின், அவர் மனைவி மீனாட்சி இதே திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்டார். பங்காரு திருமலை பட்டத்துக்குப் போட்டியிட்டார். இருவருக்கும் நடுவே ஆர்க்காட்டுச் சந்தாசாகிப் புகுந்தார். குர்ஆன் மேல் ஆணையிடுவதாகச் சொல்லி, பட்டுத் துணியில் சுற்றிய செங்கல்லின் மேல் ஆணையிட்டு ராணியை ஏமாற்றினார் என்பது வழக்கு. 1736-ல் கோட்டை பறிபோயிற்று. மீனாட்சி விஷம் அருந்தி மாண்டார். அதோடு நாயக்கர் ஆட்சியும் முடிந்தது. அவரைப் பற்றியும் 'சந்தாசாகிப் மேல் மையல்' என்று சொன்னவர்கள் உண்டு! அதே சந்தாசாகிப்பிடம் பங்காரு திருமலையும் அம்மையநாயக்கனூரில் தோற்றார். அவருக்கு மையல் என்று யாரும் சொல்லவில்லை. போரில் தோற்றார், அவ்வளவுதான்.

இரண்டு ராணிகள், இருவருக்கும் காதல் கதை. ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் வாதாடவில்லை. இருக்கிற வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் நாமாகச் சேர்த்த வித்தியாசத்தைக் கழித்துவிட வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு பெண்ணைப் பற்றி யாராவது கதை சொன்னால், பெயரை மட்டும் மாற்றித் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "திருமலை நாயக்கர் இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டார், அதனால் மகால் கட்டினார்" என்று சொன்னால் கேட்கிற குழந்தைகூடச் சிரித்துவிடும். மங்கம்மாளின் பெயரில் அதே கதையை முந்நூறு வருஷமாக நாம் சிரிக்காமல் சொல்லி வந்திருக்கிறோம்.