பஞ்சு விளையும் ஊரில் ஒரு தூவிச் சட்டை

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு குளிருக்கு ஜாக்கெட் தைக்கிறேன் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். சித்திரை வெயிலில் கரிசல் மண் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிற ஊர் இது. இங்கே குளிர் என்பது மார்கழி, தை மாத அதிகாலைப் பனிதான். ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் போதும். ஆனால் கொளுக்குமலை, இமயமலை என்று முதுகுப்பையோடு நடக்கப் போகிறவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறோம். கடையில் தொங்கும் எடை குறைந்த தூவி ஜாக்கெட்டின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் துணியும் தூவியும் தனித்தனியாக வாங்கி, வீட்டுத் தையல் மிஷினிலேயே நான் ஒன்று தைத்துக்கொண்டேன்.

அதைக் கையில் வாங்கிப் பார்த்த எங்கள் தெருப் பெரியவர் கேட்டார்: "ஏப்பா, நம்ம ஊரே பருத்திக்குப் பேர் போன ஊரு. அதை அடைக்காம வாத்து முடியை எதுக்கு வெலைக்கு வாங்குத?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடினால் இரண்டாயிரம் வருஷக் கதை ஒன்று கிடைக்கிறது. சுருக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் 'தூவி' என்ற சொல். இது நான் உண்டாக்கிய மொழிபெயர்ப்பு இல்லை, பழைய தமிழ்ச் சொல். இறகுக்கு நடுவில் கெட்டியான தண்டு ஓடும். வாத்து, அன்னம் போன்ற நீர்ப்பறவைகளின் மார்பில், இறகுக்கு அடியில் இருக்கும் தூவியில் அந்தத் தண்டு கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் நுண்ணிய இழைகள் கிளம்பி நிற்கும். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, பெயரே சொல்வதுபோல, வாடைக்காற்று வீசும் கூதிர்காலத்துப் பாட்டு. அதில் பாசறையில் இருக்கும் அரசனைப் பிரிந்த அரசியின் கட்டிலை நக்கீரர் விவரிக்கிறார். மெத்தைக்குள் இருப்பது அன்னத்தின் தூவி. குளிர்காலத்தையும் தூவியையும் சேர்த்துப் பேசும் வழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. ஆனால் அது அரண்மனைச் சமாச்சாரம்.

ஊர்க்காரர்களுக்கு இருந்தது பஞ்சு. அந்தப் பஞ்சும் வெறும் பஞ்சு அல்ல, வில்லால் அடித்த பஞ்சு. காற்றில் சிதறும் கடலலைத் துளிகளுக்கு வில்லால் அடித்த பஞ்சை உவமை சொல்லும் பாட்டு நற்றிணையில் உண்டு. ஆக, அந்த வில் அவ்வளவு பழசு. நாண் கட்டிய பெரிய வில்லைப் பஞ்சுக் குவியல்மேல் பிடித்து, கட்டையால் நாணைத் தட்டுவார்கள். நாண் அதிர அதிர, ஒட்டிக் கிடந்த இழைகள் பிரிந்து மேலே பறக்கும். ஒரு கைப்பிடிப் பஞ்சு ஒரு கூடைப் பஞ்சாகிவிடும். எடை கூடவில்லை, இழைகளுக்கு நடுவே காற்றுதான் புகுந்திருக்கிறது.

விஷயமே இந்தக் காற்றில்தான் இருக்கிறது. நம்மைச் சூடாக வைப்பது பஞ்சும் இல்லை, தூவியும் இல்லை, அவை பிடித்து வைத்திருக்கும் அசையாத காற்று. தூவியின் தரத்தைச் சொல்லும் எண்ணும் காற்றின் கணக்குதான். '800' என்று போட்டிருந்தால், ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி, 800 கன அங்குல இடத்தை நிரப்பும் என்று பொருள். அது 13 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. என் ஜாக்கெட்டில் 60 கிராம் தூவி இருக்கிறது. கிட்டத்தட்ட 28 லிட்டர், இரண்டு குடம் காற்று!

இனி நம்ம ஊர்ப் பருத்திக்கு வருவோம். கரிசல்காட்டில் பழைய காலத்தில் மானாவாரியாக விளைந்தவை கருங்கண்ணியும் உப்பமும். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, பங்குனி தொடங்கிக் கோடையில் எடுப்பார்கள். இந்தப் பருத்தி 'டின்னவெல்லி' என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து பருத்தி வரத்து நின்றதால் இங்கே விலை ஏறியது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. 1891-இல் கோவில்பட்டியில் லாயல் மில், 1901-இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம். இந்த ஊர் வளர்ந்த வரிசையே பருத்தி போட்ட வரிசைதான்.

கப்பலுக்கும் ரயிலுக்கும் போகிற பஞ்சுக்கு நேர்வது, வில் செய்யும் வேலைக்கு நேர் எதிரான வேலை. பிரஸ்ஸில் போட்டு அமுக்கி, காற்றையெல்லாம் வெளியே தள்ளிப் பொதியாகக் கட்டுவார்கள். இன்றைய கணக்கில் ஒரு பேல் 170 கிலோ. வியாபாரத்துக்குக் காற்று வீண் செலவு, அதற்கும் சேர்த்து வாடகை கொடுக்க முடியாது. பொதியில் அமுங்கிய பஞ்சு தானாக எழுந்திருக்காது, மில்லில் இயந்திரத்தில் போட்டுத்தான் மறுபடி பிரிக்க வேண்டும். வீட்டு மெத்தையும் அப்படித்தான். சில வருஷம் படுத்தால் பஞ்சு கட்டிதட்டிப் போகும். பிறகு மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, மறுபடி தைக்க வேண்டும். அதற்காகவே ஆள் தெருவில் வருவார்.

பெரியவருக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. முதுகுப்பை என்பதும் ஒரு சின்ன பிரஸ்தான். ஜாக்கெட்டைச் சுருட்டி, அமுக்கி, அடியில் திணித்துவிட்டு, சாயங்காலம் மலைமேல் எடுத்து உதறுகிறோம். தூவியின் இழைகள் வில்கம்பிபோல விரிந்து பழைய இடத்துக்கு வந்துவிடும், தனக்குத் தானே வில்லடித்துக்கொள்ளும். பருத்தி அமுங்கியது அமுங்கியதுதான். ஜெய்ப்பூரில் நன்றாக அடித்த பஞ்சை அளவாக வைத்து மிக இலேசான ரஜாய் தைக்கிறார்கள். ஆனால் அது கட்டில்மேல் கிடப்பது, தினமும் பைக்குள் போவதல்ல. போதாததற்குப் பருத்தி தண்ணீரைத் தன் இழைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். ஏறும்போது வேர்த்து நனைந்த பருத்தி, நின்றவுடன் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். மலையில் இது வெறும் அசௌகரியம் இல்லை, உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் இலவம்பஞ்சு? கொளுக்குமலை ஏறப் போகிறவர்கள் போடிநாயக்கனூரைத் தாண்டித்தான் குரங்கணிக்குப் போகிறோம். போடி இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் பெயர் போன ஊர். இலவம் இழை உள்ளே வெறும் குழாய், வெளியே மெழுகுப் பூச்சு, எனவே தண்ணீர் ஒட்டாது. உலகப் போர்க் காலத்தில் மாலுமிகளின் மிதவைச் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். தூவி வருவதற்கு முன் நல்ல போட்டியாளர் என்றே சொல்லலாம். குறை என்னவென்றால் இழை சீக்கிரம் ஒடியும். மடித்துத் திணித்து எடுக்க எடுக்கப் பொடியாகி, ஓரத்தில் சேர்ந்துவிடும். தலையணைக்குச் சரி, பைக்கு ஆகாது.

தூவியைச் சட்டையாக்கி மலையேறிய கதை 1922-இல் எவரெஸ்டில் நடந்தது. ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர், பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் தூவியை அடைத்து ஒரு கோட்டைத் தனக்கென்று தைக்கச் சொல்லி எடுத்துப்போனார். கம்பளியும் கோட்டுமாக வந்திருந்த சக வீரர்களுக்கு அது வேடிக்கை. குளிர் ஏறிய பிறகு வேடிக்கை பொறாமையானது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் எடி பாவர், குளிர்கால மீன்பிடிப்பில் விறைத்துச் சாகப் பிழைத்தபின் 1936-இல் தூவி ஜாக்கெட்டை உருவாக்கினார், 1940-இல் காப்புரிமை பெற்றார். 1960-களில் கொலராடோவில் ஃப்ராஸ்ட்லைன் என்ற கம்பெனி, வெட்டிய துணி, தூவிப் பொட்டலம், குறிப்புத்தாள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றது. வீட்டில் நாமே தைத்துக்கொள்ளலாம். நான் செய்ததும் அந்த வழியில் வந்ததுதான்.

ஃபின்ச் பலூன் துணிக்குப் போனதற்குக் காரணம் உண்டு. தூவி சாதாரணத் துணியின் இடுக்கு வழியாக வெளியே வந்துவிடும். மிக நைசான நூலை மிக நெருக்கமாக நெய்தால்தான் உள்ளே நிற்கும். கருங்கண்ணியோ குட்டை இழை, முரட்டு இழை. அதில் அவ்வளவு நைசான நூல் வராது. அதனால் கரிசல் பருத்தி இந்த ஜாக்கெட்டுக்கு உள்ளேயும் ஆகாது, வெளியேயும் ஆகாது. இன்று அந்த இடத்தில் நைலான் வந்துவிட்டது, நம்ம பேச்சில் பாராசூட் துணி.

ஆனால் கையில் எடுத்துத் தைக்கும்போதுதான் இந்த வேலைக்குள் நம்ம ஊர் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. தூவி ஜாக்கெட்டில் உண்மையான சிரமம் அடைப்பதில் இல்லை, அடைத்ததை இருந்த இடத்தில் இருக்க வைப்பதில். விட்டால் எல்லாம் கீழே இறங்கி இடுப்பில் சேர்ந்துவிடும், தோளில் வெறும் துணிதான் மிஞ்சும். அதற்காகத்தான் குறுக்கே தையல் போட்டு அறை அறையாகப் பிரிப்பது. ஒவ்வொரு அறைக்கும் எத்தனை கிராம் என்று தராசில் நிறுத்து வைக்க வேண்டும். கூடினால் துணி விறைக்கும், குறைந்தால் அந்த இடம் குளிரும். தையல் விழுந்த கோட்டில் பருமன் இல்லாததால் அங்கே கொஞ்சம் குளிர் ஏறும். தையலை நெருக்கினால் குளிர், தள்ளிப் போட்டால் தூவி நகரும். ஒன்பது அல்லது பத்தாம் நம்பர் மெல்லிய ஊசி வேண்டும், தடித்த ஊசி போட்ட ஓட்டை வழியாகத் தூவி எட்டிப் பார்க்கும். அடைக்கும்போது ஃபேன் போடக் கூடாது. கோவில்பட்டி மே மாதத்தில் இதைச் செய்து பாருங்கள், தெரியும்!

மெத்தை தைக்கிறவர் செய்வதும் இதுதான். ஊசியை மேலிருந்து கீழே குத்தி இழுத்து, வரிசையாக முடிச்சுப் போட்டுப் பஞ்சை நகரவிடாமல் நிறுத்துவார். எங்கே எவ்வளவு பஞ்சு என்பது அவருக்குக் கைக்கணக்கு. ஃபேனை அவரும் நிறுத்தச் சொல்வார். காற்றை ஒரு துணிக்குள் கட்டி வைக்கும் வித்தை இந்த மண்ணில் இருந்திருக்கிறது, பொருள்தான் வேறு.

அந்த வித்தை இப்போது போய்க்கொண்டிருக்கிறது. நுரை மெத்தை வந்தபின் பஞ்சு அடிக்கிறவரின் குரல் தெருவில் அபூர்வமாகிவிட்டது. கருங்கண்ணி விளைந்த காடுகளில் மக்காச்சோளம் நிற்கிறது. ஆராய்ச்சி நிலையம் ரகங்களைக் காப்பாற்றும், அதற்குப் பதிவேடு உண்டு. மெத்தைக்காரரின் கைக்கணக்குக்கு எந்தப் பதிவேடும் இல்லை. ஒரு ஆள் மெத்தைக்கு எத்தனை கிலோ, முடிச்சுக்கு முடிச்சு எத்தனை விரல் இடைவெளி, ஓரத்தை ஏன் முதலில் தைக்கிறார் என்பதெல்லாம் அவரோடு போய்விடும்.

இன்னொரு பக்கம், தையல் தெரிந்த கைகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. 'குட்டித் திருப்பூர்' என்று சொல்லப்படும் புதியம்புத்தூரில் வீட்டுக்கு வீடு மிஷின் ஓடுகிறது. எடை குறைந்த ஜாக்கெட்டுக்குத் தேவையான எதுவும் அவர்களுக்குக் கஷ்டமான வேலை இல்லை. நான் என் ஜாக்கெட்டின் அறை அளவுகளையும் கிராம் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து மெத்தைக் கணக்குகளை எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை இரண்டு பேரிடம் கேட்டு மூன்று பக்கம் ஆகியிருக்கிறது. உங்கள் ஊரில் இன்னும் வில் வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால், அவர் அடுத்த மெத்தை தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.