கல்லாப்பெட்டி மோட்டாரும் கொடைக்கானல் குளிரும்

தை மாதக் காலையில் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் டிராக்டர் சாவியைத் திருப்பினால், சில நாள் 'டக்' என்ற ஒற்றைச் சத்தம்தான் பதில். "செல்ஃப் எடுக்கல" என்று முணுமுணுத்தபடி இறக்கத்தில் உருட்டிவிட்டுக் கியர் போடவேண்டியதுதான். பழி பேட்டரிக்கு. அந்தக் கறுப்புப் பெட்டி இங்கே வந்துசேர்ந்த வழியில், வத்தலக்குண்டு மலைப்பாதையைவிட வளைவுகள் அதிகம்.

முதல் வளைவிலேயே ஒரு மீன். மின்னதிர்ச்சி கொடுக்கும் திருக்கையின் உறுப்பைப் பார்த்து, 1800-இல் இத்தாலியின் வோல்டா வெள்ளி, துத்தநாகத் தகடுகளை நனைத்த அட்டைகளோடு மாற்றி மாற்றி அடுக்கினார். மின்சாரம் வந்தது, ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். திரும்ப ஏற்றக்கூடிய பேட்டரியை 1859-இல் செய்தவர் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே. இரண்டு காரீயத் தகடுகளை ஒட்டாமல் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கினார். இன்றைய டிராக்டர் பேட்டரிக்குள்ளும் அதே காரீயம், அதே அமிலம். அவருடையதை மாதக்கணக்கில் ஏற்றி இறக்கிப் பழக்க வேண்டியிருந்தது என்பதுதான் தொல்லை.

1881-இல் கமீல் ஃபோர் காரீய ஆக்சைடைப் பசையாக்கித் தகட்டில் பூச, அந்தத் தொல்லை ஒழிந்தது. பாரிஸிலிருந்து கிளாஸ்கோவுக்கு அவருடைய செல்கள் மரப்பெட்டியில் பயணம் போயின. பெட்டிக்குள் மின்சாரம் வந்திறங்கியதைக் கண்டு, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் பூரித்துப்போனார். அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ், அந்த யோசனை தன்னுடையது என்று வழக்காடி வென்றார். காசு வரும் என்று தெரிந்ததும் கண்டுபிடித்தவர்களும் பெருகிவிட்டார்கள்!

வண்டிக்குள் பேட்டரி நுழைந்ததற்குக் கல்லாப்பெட்டியும் ஒரு காரணம். கடைக்காரரின் பணப்பெட்டியை மின்சாரத்தால் திறக்கவைத்த சார்லஸ் கெட்டரிங், சில நொடி மட்டும் முழுமூச்சாக உழைக்கும் சின்ன மோட்டாரின் அருமையை அங்கேதான் அறிந்தார். 1912-இல் அது கெடிலாக் காரின் செல்ஃப் மோட்டாராக வந்தது. டிராக்டர்கள் அவசரப்படவில்லை. ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக்கை ஊதுவிளக்கால் சூடேற்றிக் கிளப்பினார்கள். இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷலுக்குத் தோட்டா வெடிக்கலாம். 1939-இல் ஃபோர்டும் ஹாரி ஃபெர்குசனும் சேர்ந்து செய்த டிராக்டரில் செல்ஃப் உண்டு. அந்த ஃபெர்குசன் வம்சம்தான் 1960-இல் தொடங்கிய டாஃபே வழியாகச் சென்னைக்கு வந்தது.

பேட்டரி அதற்கு முன்பே வந்துவிட்டது. 1916-இல் பிரிட்டனின் குளோரைடு நிறுவனம் இந்தியாவில் பேட்டரி இறக்குமதி வியாபாரம் தொடங்கியது. 1946-இல் வங்காளத்தின் ஷ்யாம்நகரில் தொழிற்சாலை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் பேட்டரியையும் ஆராயும் மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டது.

இனி, கடைக்காரர் பேசும் தரத்துக்கு வருவோம். காரீயத்தில் ஆன்டிமனி கலந்தால் தகடு உறுதியாகும், ஆனால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் 1935-இல் தொலைபேசி நிலையங்களுக்காகக் கால்சியம் கலந்தார்கள். தண்ணீர்ச் செலவு குறைந்தது. 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று இன்று விற்பது அந்தக் கால்சியத்தின் தயவில்தான். படிக்கட்டு வயலில் குலுங்கும் வண்டிக்கு, அடைத்த மூடியைவிடத் தகடு உள்ளே ஆடாமல் பொருந்தியிருப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. உதிரும் பசை திரும்ப ஒட்டாது.

பேட்டரியை உண்மையில் கொல்வது கீழ்நாட்டு வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். கொடைக்கானல் குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. பூஜ்யம் டிகிரியில் செல்ஃபைச் சுற்றும் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்; எஞ்சின் ஆயிலும் கெட்டியாகிவிடும். ஆகவே இங்கே பேட்டரி மாற்றுகிறவர் ஏ.எச். (ஆம்பியர்-மணி) எண்ணோடு, குளிரில் எத்தனை ஆம்பியர் தள்ளும் என்றும் கேட்கவேண்டும். அதற்கும் முன்னால், டெர்மினலில் பூத்த வெள்ளையைச் சுரண்டிப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

அடுத்த வரவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அதற்கு வழிதிறந்த 1980-களின் ஆய்வில் விஞ்ஞானி ஜான் குட்இனஃபோடு இருந்தவர் தென் தமிழ்நாட்டு அமராபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குட்இனஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் வழங்கியவரும் அவரே. ஆனால் உறைநிலைக்குக் கீழே இந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். எடை குறைவு என்று விற்பவர் சொல்வார். சக்கரத்தில் வேண்டுமென்றே இரும்பு வெயிட் மாட்டிக்கொள்ளும் வண்டிக்கு அது பெரிய லாபமில்லை.