ஆணழகன் போட்டிக்கு ரெடியாவது எப்படி? - 16 வார கைடு

சேர்வராயன் மலையில், செம்மநத்தம் பக்கம் காபி மூட்டை சுமந்து மேடேறும் இளைஞருக்கு உடல் வலுவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆணழகன் மேடையில், 'எத்தனை கிலோ தூக்குவீங்க?' என்று நடுவர்கள் கேட்பதில்லை. தசையின் அளவு, உடலின் சமச்சீர், கொழுப்பு கரைந்து தசைக் கோடுகள் தெரியும் தெளிவு... இவைதான் மதிப்பெண்.

1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் யூஜின் சாண்டோ நடத்திய போட்டியிலேயே, தசைப் பருமனோடு உடலின் சமநிலையும் பார்க்கப்பட்டது. நம்ம சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் இருக்கும் அதே 'சாண்டோ'தான்! இன்று தமிழ்நாட்டின் எஸ்.பாஸ்கரன் அர்ஜுனா விருது (2019) வாங்கும் அளவுக்கு இந்த விளையாட்டு வளர்ந்திருக்கிறது. முதல்முறை மேடையேற நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது.

முதலில் தசை, பிறகு மேடை

குறைந்தது 2, 3 வருடங்கள் முறையாகப் பயிற்சி செய்தபிறகு போட்டியைப் பற்றி யோசிக்கலாம். போட்டிக்கு முந்தைய 16 வாரங்களில் புதுசா தசை பெரிதாக வளராது. இருக்கிற தசையைக் காப்பாற்றிக்கொண்டு கொழுப்பைக் குறைப்பதுதான் அந்த மாதங்களின் வேலை.

நாடு முழுக்க ஒன்றுக்கும் மேற்பட்ட சம்மேளனங்கள் இயங்குகின்றன. உங்கள் மாவட்டச் சங்கம் எதோடு இணைந்தது, எடைப் பிரிவுகள் என்ன, எடை பார்ப்பது எப்போது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டில் என்ன?

வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவிகிதம் வரை குறைந்தால் போதும். 70 கிலோ இருப்பவருக்கு 350 முதல் 700 கிராம். அதைவிட வேகமாக இறங்கினால் கொழுப்போடு தசையும் போகும்.

புரதம், ஒரு கிலோ எடைக்கு சுமார் 2 கிராம். விலையுயர்ந்த பவுடர் கட்டாயமில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 30 கிராம், 50 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. வேர்க்கடலையிலும் புரதம் உண்டு; ஆனால் 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல் இருப்பதால் அளவு முக்கியம். சோற்றை அறவே நிறுத்த வேண்டாம், அளந்து சாப்பிடுங்கள்.

நாலு நாள் போதும்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்து ஜிம்முக்கு தினமும் போய்வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இரண்டு நாள் மேல் உடல், இரண்டு நாள் கீழ் உடல் என்று பிரித்தால் ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு இரண்டு முறை வேலை கிடைத்துவிடும். மேடேறும் நடை, கொழுப்பு கரைக்க அருமையான பயிற்சி. ஏற்கெனவே தோட்ட வேலை பார்ப்பவர், அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கார்டியோவைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு ஓய்ந்துவிடும். 7, 8 மணி நேரத் தூக்கத்தில் சமரசமே கூடாது.

போஸ், பாதி ஜெயம்

இரு கைகளையும் மடக்கிக் காட்டுவது, முதுகு விரிப்பது, பக்கவாட்டில் மார்பு, வயிறும் தொடையும் என்று கட்டாய போஸ்கள் உண்டு. ஒவ்வொன்றையும் சிரித்த முகத்தோடு, மூச்சை அடக்காமல் நிறுத்திப் பழகுங்கள். தினமும் 15 நிமிடம் கண்ணாடி முன்னால், பிறகு கண்ணாடியே இல்லாமல். மேடையில் கண்ணாடி இருக்காதே!

கடைசி வாரம்... உஷார்!

தண்ணீரையும் உப்பையும் நிறுத்தினால் 'கட்' தெரியும் என்று ஜிம்களில் சொல்வார்கள். தசையில் சுமார் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதை வற்றவைத்தால் தசையும் தட்டையாகிவிடும். நீர் பிரியும் மாத்திரை போட்டால் பொட்டாசியம் அளவு தாறுமாறாகி இதயத்துடிப்பே நின்றுபோகலாம். 1992-ல் உலகப் புகழ்பெற்ற வீரர் முகமது பெனாசிசா, நெதர்லாந்தில் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் உயிரிழந்தார். உடலில் நீர் வற்றியதும், நீர் பிரியும் மருந்துமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஸ்டீராய்டு ஊசிகளும் அப்படித்தான். இதயம், கல்லீரல், குழந்தைப்பேறு என எல்லாவற்றையும் பதம் பார்க்கும். சோதனையில் சிக்கினால் 4 வருடம் வரை தடை விதிக்கப்படலாம்.

மயக்கம், படபடப்பு, கடும் தசைப்பிடிப்பு... இதில் எது வந்தாலும் போட்டியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். 'நாளைக்குத்தானே மேடை' என்று தள்ளிப்போடவே கூடாது.

மறுநாளும் முக்கியம்

போட்டி முடிந்ததும் பிரியாணியை ஒரு பிடி பிடிக்கலாம், தப்பில்லை. அதையே வாரம் முழுக்கத் தொடர்ந்தால் உடம்பு வீங்கும், மனசும் சோர்ந்துவிடும். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மேடையில் தெரியும் அந்த வற்றிய உடம்பை வருடம் முழுக்க வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் கூடாது.

15 வாரத்தில் கரையாத கொழுப்பு, கடைசி வாரத்தில் கரையப்போவதில்லை. 'இன்னும் ரெடியாகலை' என்று தோன்றினால், அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுங்கள் பாஸ்!