உல்லாசப் பயணமும் உணவுச்சாலையும்

மனிதன் வீட்டை விட்டு வெளியே புறப்படும்பொழுது அவனை அடிக்கடி எதிர்கொள்ளும் வினா, எங்கே தங்குவது என்பதன்று; எங்கே உண்பது என்பதேயாகும். தங்குமிடம் இரவுக்கு ஒருமுறை வேண்டுவது. பசியோ நாளொன்றில் மும்முறை வருவது. தொழில் கருதிச் செல்பவன் கிடைத்ததை உண்டு காலங்கழிப்பான். மகிழ்ச்சி கருதி மனைவி மக்களுடன் செல்பவனுக்கு அஃது இயலாது. குழந்தைகள் பசி பொறார். முதியோர் விரதம் விடார். கையிலுள்ள பணமும் அளவுக்கு மேல் நீளாது. ஆகவே உல்லாசப் பயணத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் உணவுச்சாலையின் வரலாற்றையும் உடன் எழுதவேண்டியவராவர். கொழும்பு மாநகரின் கதை இதற்குத் தக்க சான்று.

முற்காலத்தில் இவ்வினாவுக்குத் தமிழர் கண்ட விடை கட்டுச்சோறு. புளி சேர்ந்த சோறு விரைவிற் கெடாது என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆயின், சோற்றைக் கட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் அது மட்டுமன்று. பிறர் சமைத்ததை உண்ணலாகாது என்ற ஆசாரமும் அப்பொதியினுள் சேர்த்தே கட்டப்பட்டிருந்தது. கட்டுச்சோறு தீர்ந்தவிடத்துச் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் கைகொடுத்தன. அங்கே விலை இல்லை; ஆனால் யார் எந்தப் பந்தியில் அமர்வது என்ற வரையறை பல இடங்களில் இருந்தது. விலை கொடுத்து, வேண்டியதைக் கேட்டு, விரும்பிய இருக்கையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் நமது நாட்டிற்குப் பிந்தி வந்ததொன்றாகும்.

பெருந்திரளான மக்கள் வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஓரிடத்திற் கூடும்பொழுது அவர்களுக்கு எவ்வாறு உணவளிப்பது என்பதை மேலைநாட்டினரும் தடுமாறியே கற்றனர். 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிகழ்ந்த மகா பொருட்காட்சிக்கு ஏறத்தாழ 60 இலட்சம் பேர் வந்தனர். அங்கே உணவும் பானமும் விற்கும் உரிமையை ஷ்வெப்ஸ் என்னும் சோடாக் கம்பனி 5,500 பவுண் கொடுத்துப் பெற்றது. மதுபானம் விலக்கப்பட்டிருந்தமையால் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட போத்தல் சோடா முதலிய பானங்கள் விலைபோயின. 1955ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் பூங்கா திறக்கப்பட்டபொழுது, எதிர்பார்த்ததிலும் மிகுதியான கூட்டம் நுழைந்தது. உணவு தீர்ந்தது; குடிநீர்க் குழாய்கள் பல இயங்கவில்லை; வெயிலோ கொளுத்தியது. வேலியிட்ட பூங்காவினுள் நுழைந்தவன், உடையவர் விற்பதையே உடையவர் குறித்த விலைக்கு உண்ணவேண்டியவனாவான். அங்கே தெரிவு என்பது வேலியளவே விரியும்.

கொழும்பின் உல்லாசக் களங்களுக்குப் பெரும்பாலும் வேலி இருந்ததில்லை. காலிமுகத் திடலில் உலாவும் பாதையைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவேற்றினார். கொழும்பிலுள்ள பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதி இதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரை வேண்டும் கல்வெட்டு ஒன்றும் அங்கு உண்டு. 1864இல் திடலின் தென்முனையில் காலிமுக ஹோட்டல் எழுந்தது. கப்பலில் வந்திறங்கிய வெள்ளையர் அங்கே உண்டனர். கடற்காற்று வாங்க வந்த பொதுமக்களோ தள்ளுவண்டிக்காரரிடம் கடலையும், மாங்காய்த் துண்டும், இறால் வடையும் வாங்கிப் புல்லில் அமர்ந்து உண்டனர். ஒரே கடல், ஒரே காற்று. உணவில் மாத்திரம் இரண்டு உலகங்கள். ஆயினும் வண்டிக்காரரிடம் ஒரு சிறப்பு இருந்தது. வாங்குபவன் யார் என்று அவர் கேட்டதில்லை. காசு செல்லுமா என்பதையே பார்த்தார்.

தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. யோன் ஹாகன்பெக் என்னும் ஜேர்மானியர் தொடங்கிய விலங்குத் தோட்டம் அதற்கு மூலம். அக்கம்பனி நொடித்தமையால் 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. அன்று தொட்டு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கல்விச் சுற்றுலா வரும் மாணவர் அதனைக் காணாது மீள்வது அரிது. யானையின் ஆட்டத்தைப் பார்த்து வியந்த பிள்ளைகளுக்கு நண்பகலில் சோறிடுவதெங்கே என்பது ஆசிரியர்களின் கவலை. வடபகுதியினின்றும் வந்தோர் அதற்குக் கண்ட விடை, பெரும்பாலும் அடுத்துள்ள வெள்ளவத்தையே.

வெள்ளவத்தை அவ்விடையாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. 1905இல் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் புகையிரதப் பாதை இணைத்தது. அரசாங்க அலுவலகங்களில் எழுதுவினைஞராகச் சேர்ந்த வடபகுதி இளைஞர் திரள்திரளாக வந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தோர் பலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சம்மறி என்ற பெயரால் வாழ்ந்தனர். சமையற்காரன் ஊருக்குப் போன நாளில் அவர்களுக்குத் துணையாயிருந்தவை சைவ உணவுச்சாலைகள். பின்னர்க் குடும்பங்களும் வந்து குடியேற, வெள்ளவத்தை சின்ன யாழ்ப்பாணம் எனப் பெயர் பெற்றது. பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜ், கிறீன்லண்ட்ஸ் முதலியன தலைமுறைகள் அறிந்த பெயர்களாயின. பெயர்ப் பலகையிலுள்ள "சைவ" என்ற சொல் வெளியூரார்க்கு ஓர் உறுதிமொழியாக விளங்கியது. உள்ளே மச்சம் மாமிசம் இல்லை. விரதகாரரும் தயங்காது அமரலாம். தோசையும் வடையும் இன்ன சுவையுடையன என்பது முன்னரே தெரியும். புதிய நகரில் அஞ்சி நிற்பவனுக்குத் தெரிந்த சுவையைப் போல் ஆறுதல் தருவது பிறிதில்லை.

கொட்டாஞ்சேனையின் இயல்பு வேறு. துறைமுகத்தை அடுத்த அப்பகுதியில் பல மதத்தினரும் நெருங்கி வாழ்கின்றனர். பொன்னம்பல முதலியார் நிறுவிப் பின்னர்ச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்வித்த பொன்னம்பலவாணேசர் ஆலயம் ஒருபால். யூன் 13ஆம் நாள் பெருவிழாக் காணும் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் ஒருபால். இருவகை அடியார்க்கும் வேண்டிய உணவு அயலிலேயே கிடைக்கும். சைவக்கடையின் வாழையிலைக்குச் சற்றுத் தொலைவில் முஸ்லிம் உணவகத்தின் புரியாணியும் கல்லில் தட்டும் பராட்டாவும் மணக்கும்.

இவையெல்லாவற்றையும் ஒருங்கே காணத்தக்க காலம் ஆடிவேல் விழாவாகும். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் ஆதரவில் வளர்ந்த இவ்விழாவில், செட்டியார் தெருக் கோயில்களிலிருந்து வேலாயுதம் இரதத்தில் எழுந்தருளிக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குச் சென்று மீளும். வழிநெடுகக் கரும்புக் கட்டுகளும், பம்பாய் முட்டாயும், பேரீச்சம்பழமும் குவிந்திருக்கும். கோயிலில் அன்னதானம், வீதியில் தண்ணீர்ப்பந்தல். சிங்கள மக்களும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிவந்து கரும்பு வாங்கிச் செல்வர். வெசாக் நாளில் பௌத்தர் வைக்கும் தன்சல் பந்தலில் தமிழர் உண்பதும், வேல் விழாவில் சிங்களவர் கரும்பு சுவைப்பதும் ஒரே பண்பின் இரு முகங்கள். யாருக்கும் இல்லை என்னாத பந்தலில் இனம் தோற்றுப்போகின்றது.

ஆயின், எல்லா உணவுச்சாலையும் யாவர்க்கும் திறந்திருந்தது என்று கூறின் அது வரலாறாகாது. யாழ்ப்பாணத்தின் தேநீர்க்கடைகள் பலவற்றில், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர் உள்ளே அமரவியலாது. தனிப் பேணியிலும் போத்தலிலும் வெளியே நின்று அருந்தினர். 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இத்தகைய தடையைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடியையும் தாங்கிச் சென்றது. அதன் பின்னர் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களாலேயே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தமிழகத்தில் அதே 1957ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். ஒரு கோப்பைத் தேநீருக்காக மனிதர் அடிபட்டனர் என்று இளைய தலைமுறை வியக்கலாம். அவர்கள் கேட்டது தேநீரன்று, ஒரு நாற்காலி.

கொழும்பின் நெரிசல் இவ்வகையில் ஓரளவு விடுதலை தந்தது. முன்பின் அறியாதார் நூறுபேர் வந்துபோகும் கடையில், அடுத்த இருக்கையில் அமர்பவனின் குலத்தை விசாரிக்க நேரமேது? ஆயின் அந்நகரிலேயே வேறோர் அச்சம் பின்னாளில் தலைதூக்கியது. 1983 யூலை இறுதியில் தமிழரின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. காலி வீதியில் நேற்றுவரை எல்லா இனத்தாருக்கும் தோசை வார்த்த உணவுச்சாலைகளும் எரிந்தன. அதன்பின் ஆண்டுகள் பல, எங்கே உண்பது என்ற வினாவுக்குள் எங்கே வாய்திறந்து தமிழ் பேசலாம் என்ற வினா ஒளிந்திருந்தது. சுவையும் விலையும் பின்னே நின்றன.

அச்சம் ஓர் இனத்தோடு நிற்கவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மருந்து கலக்கப்பட்டதென வதந்தி பரவிக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபொழுது அது மாப்பொருட் கட்டியேயன்றி மருந்தன்று எனத் தெரிந்தது. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் வழிபட்டோரும், நகரின் பெரிய ஹோட்டல்களில் காலையுணவு உண்ண அமர்ந்த விடுமுறைப் பயணிகளும் குண்டுகளுக்கு இரையாயினர். வழிபாட்டுக்கும் உணவுக்கும் அமர்ந்தவன் தன்னைக் காத்துக்கொள்ளும் எண்ணமின்றி அமர்ந்தவன். அந்நம்பிக்கையைச் சிதைத்தமையாலேயே அக்கொடுமை இரட்டிப்பாயிற்று.

உண்பதென்பது பிறரை நம்புதலேயாகும். அடுப்படியைக் காணாமல், சமைத்தவன் முகமறியாமல், இலையில் விழுந்ததை எடுத்து வாயிலிடுகின்றோம், பிள்ளைக்கும் ஊட்டுகின்றோம். ஆசாரம் பார்த்துக் கட்டுச்சோறு சுமந்த காலத்தில் இந்நம்பிக்கை உறவின் எல்லையைத் தாண்டியதில்லை. சைவக்கடையின் பலகை அதனை ஊரின் எல்லைவரை விரித்தது. தேநீர்க்கடைப் போராட்டம் குலத்தின் வேலியை அகற்ற முயன்றது. வேல் விழாவும் தன்சலும் இனத்தின் வேலியைத் தாண்டிக் காட்டின. தீயும் வதந்தியும் குண்டும் அதனை மீண்டும் மீண்டும் சுருக்கின.

இன்றும் விடுமுறை நாளின் மாலையில் காலிமுகத் திடலில் மூவினக் குடும்பங்களும் கூடுகின்றன. இறால் வடையைச் சுற்றும் தாளில் எம்மொழி அச்சாகியிருக்கின்றது என்று எவரும் பார்ப்பதில்லை. எங்கே உண்பது என்ற வினா, சுவையையும் பணத்தையும் மாத்திரம் பற்றிய சிறிய வினாவாகவே ஒரு குடும்பத்துக்கு இருக்குமாயின், அந்நாடு நலமாயிருக்கின்றது எனக் கொள்ளலாம். அவ்வினாவைச் சிறியதாகவே வைத்திருப்பது அரசினதும் குடிகளினதும் பெரிய கடமையாகும்.